ஒரு சுற்று மாட்டுக்கு

பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த விவரம் கிடைத்தது. இருமல் நின்றதா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். பத்து நாள் விருந்தாளியாக வந்தவள் பண்ணையையே புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். முட்டைக் கூடை பரணில் இருக்கிறது. களைக்கொத்து குளியலறை மூலையில் இருக்கிறது. நீ வேலை செய்யும் மருந்துக் கிடங்கு என்று நினைப்பா, கோழித் தீவன டப்பாவிலெல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாய்! என் கோழிகளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நீ கட்டி வைத்த கட்டுகளைப் பார்த்து மனம் குளிர்ந்தது. அப்பா பழக்கியபடியே மாட்டுக்குப் போடும் சோளத்தட்டைக்கு ஒரு சுற்று, குப்பைக் குழிக்குப் போவதற்கு இரண்டு சுற்று. இருட்டில் தடவிப் பார்த்தே எடுத்துவிடலாம். கடைசிக் கட்டுக்குக் கயிறு போதாமல், துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த நீல நாடாவையும் அவிழ்த்துக் கட்டியிருக்கிறாய். இத்தனை வருஷம் நகரத்தில் இருந்தும் கை மறக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயம். சுட்டி செத்துவிட்டாள்.

நீ கிளம்பிய அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தீவனம் வெட்டி வைத்தேன். மறுநாள் காலையில் கறக்கப் போனால், எழுந்து நிற்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் நுரை. கால்நடை டாக்டர் வந்து சேர்வதற்குள் என் மடியிலேயே தலையைப் போட்டுவிட்டாள். அவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். “அரளிம்மா. இலை துண்டு துண்டாக் கெடக்கு. யாராவது வேணும்னே போட்டாங்களா?” என்று கேட்டார். கட்டுத்தறியை விட்டு அவளை நான் அவிழ்க்கவே இல்லை. பிறகு எப்படி அரளி உள்ளே போகும்?

அரளி இருப்பது ஒரே இடத்தில்தான். எனக்கும் அடுத்த வீட்டுக் காளைக்காரருக்கும் நடுவே உள்ள வேலி. நம் கோழிகள் அவருடைய கீரைப் பாத்தியைக் கிளறிய அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கத்தியது உனக்கு மறந்திருக்காது. “இன்னொரு வாட்டி உங்க கோழி இந்தப் பக்கம் வந்துச்சு, அப்புறம் உங்க பண்ணையில எதுவும் உசுரோட இருக்காது, பாத்துக்குங்க!” நீயும் பக்கத்தில்தான் நின்றாய். சுட்டியைப் புதைக்கக் குழி வெட்ட மண்வெட்டியோடு அவரே முதல் ஆளாக வந்து நின்றார். அந்த நெஞ்சழுத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறுதியானது.

வாயில்லாத ஜீவன் அவரை என்ன செய்தது? மூன்று மாதக் கன்று ராவும் பகலும் கத்துகிறது. சும்மா விடமாட்டேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இல்லாமல் நிதானமாகச் செய்வேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

என் இருமல் நின்றுவிட்டது. நீ சாப்பிடுகிறாயா? சாப்பிடாமல் கிடக்காதே.

கடிதத்தைக் கிடங்கு வாசலில் நின்று பிரித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா பார்த்துவிட்டு, “என்ன, வீட்ல ஏதாவது துக்கமா?” என்றார். “ஆமாம்” என்றேன். யார் என்று கேட்டார். மாடு என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தை என்று சொல்லிவிட்டேன். அரை நாள் விடுப்பு கொடுத்தார்.

சுட்டி பிறந்த அன்று நான்தான் அவள் நெற்றியில் இருந்த வெள்ளையைப் பார்த்துப் பெயர் வைத்தேன். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. கன்று அந்தத் தொட்டியில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள். தட்டை வெட்டும் மிஷினின் பல்லிலும் ஏதாவது ஒட்டியிருக்கும், அதையும் கழுவு. காளைக்காரர் முன்கோபிதான். ஆனால் கோபத்தில் கத்துகிறவர் எல்லாம் அப்படிச் செய்துவிடுவார்களா? கண்ணால் பார்க்காததைச் சொல்லாதே.

அன்று சாயங்காலம் எந்தக் கட்டைப் பிரித்தாய் என்று நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் இருமல் நின்றதில் எனக்குச் சந்தோஷம். கன்று பிழைத்துக்கொண்டது. புட்டிப் பாலுக்குப் பழகிவிட்டது. மொட்டைக்கழுத்துக் கோழி பதினொரு முட்டை மேல் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனால் தீவனம் போடுகிற கையையே கொத்துகிறது. இந்த நாட்களில் எனக்கு அவளை மிகவும் பிடிக்கிறது.

எந்தக் கட்டைப் பிரித்தேன் என்று கேட்டிருந்தாய். எப்போதும் பிரிக்கிற மாதிரிதான், ஒரு சுற்றுக் கட்டு. அதை விடு.

காரியத்தை ஆரம்பித்துவிட்டேன். நேற்று அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து வேலிச் சந்தில் இருந்த முள்ளை எடுத்துவிட்டு, இருபத்திரண்டு கோழிகளையும் அவர் பக்கம் ஓட்டினேன். அரை மணி நேரம் போதுமாக இருந்தது. கீரை, தக்காளி நாற்று, நேற்று முளைத்த வெண்டை, ஒன்றும் மிச்சமில்லை. திரும்பி வந்தவர் பாத்தி நடுவில் நின்று, வேரோடு கிடந்த ஒரு நாற்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். “கோழிக்கு எது எல்லைன்னு தெரியுமா அண்ணா?” என்று கேட்டேன். கேட்கும்போது என் உச்சி குளிர்ந்தது.

இது ஆரம்பம்தான். அவருக்கு உயிர் எது என்று உனக்குத் தெரியும், அந்தக் காளைதான். சுற்றுவட்டாரத்தில் உள்ள பசுக்களுக்கெல்லாம் அதுதான் பொலிகாளை. மெதுவாக அங்கே வருகிறேன்.

நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அவர் மிரட்டியதைக் கேட்ட ஒரே சாட்சி நீ. “சுட்டியைக் கொன்றவர் காளைக்காரர்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்” என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாலு பேர் முன்னால் காட்ட வேண்டும். இரண்டு வரிதானே, கை வலிக்காது.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அறைத்தோழி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குஞ்சுகள் பொரித்தனவா?

இங்கே போன வாரம் ஒரு பெட்டியில் சீட்டு மாறி ஒட்டிவிட்டேன். வெளியே போவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. மேற்பார்வையாளர் அம்மா திட்டவில்லை. “உனக்கு என்னமோ மனசு சரியில்ல” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா, கீரைப் பாத்தியோடு இதை நிறுத்திக்கொள்ளேன். பழிவாங்கினால் சுட்டி எழுந்து வரப் போகிறாளா? அந்த அரளி வேலியை வெட்டி எறி. அதன் பூவைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு வெறி ஏறும். இன்னொன்று. நான் உனக்கு ஒரு மாடு வாங்கித் தருகிறேன். நல்ல கறவையாக, நெற்றியில் வெள்ளை இருப்பதாகவே பார்த்து வாங்கலாம். வேண்டாம் என்று சொல்லாதே.

காகிதம் அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

காய்ச்சல் விட்டதில் நிம்மதி. என் முழங்கால் எப்போதும்போலப் படியேறும்போது திட்டுகிறது. பதினொன்றில் ஒன்பது பொரித்தன. ஒன்றைப் பருந்து கொண்டுபோனது. மிச்சம் எட்டும் அம்மா பின்னாலேயே வரிசையாகப் போகின்றன. கன்று இளம்புல்லைக் கடித்துப் பார்க்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாடு வாங்கித் தருகிறேன் என்கிறாய். நீ எதற்கடி வாங்கித் தர வேண்டும்? நீயா கொன்றாய்? கொன்றவர் கொடுக்கட்டும். அதுவரை தொழுவம் காலியாகவே கிடக்கட்டும்.

இரண்டாவது காரியமும் முடிந்தது. பால் சங்கத்தில் காலையில் எல்லாரும் கேனோடு வரிசையில் நிற்கும்போது சொன்னேன். சத்தம் போடவில்லை. “என் மாட்டுக்கு அரளி வெச்ச கை, உங்க மாட்டை அந்தக் காளைகிட்ட ஓட்டிட்டுப் போனா அங்க என்ன வெக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன். கேள்விதானே, குற்றமா? மூன்று வாரமாக அவர் வீட்டு வாசலுக்கு ஒரு பசு வரவில்லை. காளை சும்மா நின்று மரத்தை முட்டிக்கொண்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். தப்புச் செய்தவர்கள் தலை நிமிர மாட்டார்கள் இல்லையா? உனக்கு என்ன தோன்றுகிறது?

காகிதத்தை மறக்காதே.

உன் அக்கா


மே 8

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்திருந்தால் உன் அறைத்தோழியாவது எழுதியிருப்பாள். அதனால் நலமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். காகிதமும் வரவில்லை. பரவாயில்லை, இனி அது தேவைப்படாது.

வேலியில் இருந்து அரளி இலை பறித்துச் சாக்கில் பரப்பி, தொழுவத்தின் கூரை மேல் காயப் போட்டிருக்கிறேன். பச்சை இலை கசக்கும், மாடு துப்பிவிடும். காய்ந்து நொறுங்கினால் தட்டையோடு தட்டையாகப் போய்விடும். கையளவு போதுமாம், டாக்டர்தான் சொன்னார். அவர் எச்சரிக்கைக்காகச் சொன்னார், நான் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காளைக்காரர் தன் மகள் வீட்டுக்குப் போகிறார். திரும்ப இரண்டு நாள் ஆகும். காளைக் கொட்டகைக்குக் கதவு கிடையாது. என் தொழுவத்தில் நான் அழுத மாதிரி அவரும் அழட்டும். அவர் மடியிலும் ஒரு தலை சாயட்டும்.

இதை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் நமக்குள் எப்போது ஒளிவு மறைவு இருந்தது?

உன் அக்கா


மே 16

அக்கா,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை. மன்னித்துக்கொள்.

செய்யாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், செய்யாதே. அந்தக் காளையும் வாயில்லாத ஜீவன்தான் என்று நீயே சொல்ல வேண்டியவள். அந்த மனிதர் தப்புச் செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதே. உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நேரில்தான் சொல்ல வேண்டும். விடுப்புக் கேட்டேன், ஜூன் கடைசியில்தான் தருவார்களாம். அதுவரை பொறு. சாக்கைக் கூரையில் இருந்து இறக்கிக் குழியில் போடு.

நான்கு முறை இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதில் எழுத வேண்டியது வேறு.

உன் தங்கை


மே 30

தங்கைக்கு,

நான் நலம். கன்றுக்கு ஐந்து நாளாக வயிறு ஒட்டிக் கிடக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் காளைக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார். சட்டைப் பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். உன் கையெழுத்து. “ஐயா, உங்கள் காளையை இருபத்தெட்டாம் தேதி தனியாக விடாதீர்கள். என் அக்கா அதற்கு அரளி வைக்கப் போகிறாள். அவள் புத்தி சரியான நிலையில் இல்லை. நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.” உன் கடிதம் எனக்கு மனப்பாடம். ஒரு சொல் மாறாமல் எழுதியிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

“அன்னைக்கு வந்து மன்னிப்புக் கேட்டதெல்லாம் நடிப்பா, தங்கச்சி?” என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

என்ன மன்னிப்பு என்று உனக்குப் புரியாது. சொல்கிறேன். உட்கார்ந்து படி.

எந்தக் கட்டைப் பிரித்தேன் என்று நீ கேட்ட கடிதம் பிப்ரவரி கடைசியில் வந்தது. ஏன் இதைக் கேட்கிறாள் என்று யோசித்துக்கொண்டே தொழுவத்துக்குப் போனேன். கட்டைப் பிரித்ததும் கயிற்றை ஆணியில் மாட்டுவது என் வழக்கம். அன்றைய கயிறு அங்கேயே தொங்கியது. உன் நீல நாடா. அவிழாமல் கிடந்த முடிச்சைப் பார்த்தேன், ஒரு சுற்று. அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள், மிளகாய்ப் பாத்தி மேல் சாய்ந்த அரளிக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தாய். அந்தக் கிளைகள் எங்கே போயின என்று நான் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலமே வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். “அண்ணா, உங்களைச் சந்தேகப்பட்டேன். தப்பு எங்க வீட்டுலதான். கேக்காதீங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் இருவரும் சேர்ந்து அந்த வேலியை வேரோடு பிடுங்கி ஆழமாகப் புதைத்தோம். மார்ச் மாதத்தில் இருந்து அங்கே அரளியே இல்லை. நான் கூரையில் காயப்போட்டதாக எழுதிய இலை எங்கே இருந்து வந்தது? என் பேனாவில் இருந்து வந்தது.

கோழிகளை நான் ஓட்டவில்லை. பால் சங்கத்தில் வாயே திறக்கவில்லை. காளை வாசலில் பசுக்கள் எப்போதும்போல வருகின்றன. மார்ச் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் உனக்காகவே கட்டினேன். வெட்டிப் போட்டால் நீ மெல்லுவாய், விழுங்க முடியாமல் கடைசியில் கக்குவாய் என்று காத்திருந்தேன். எனக்கு வேண்டியது இரண்டே சொல். “நான்தான், அக்கா.” அதைச் சொல்லாமல் மாடு வாங்கித் தருகிறேன் என்றாய். காய்ச்சல் என்றாய். வேலியை வெட்டு என்றாய். ஒரு மாதம் ஊமையானாய். எனக்கு வயிறு எரிந்தது. எரிய எரிய இன்னும் கொஞ்சம் எழுதினேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பொய்க் கையெழுத்து நீ போடவில்லை. அந்தக் காகிதம் வந்திருந்தால் உன்னைத் தலைமுழுகியிருப்பேன்.

ஆனால் இதைச் செய்துவிட்டாயே! என்னைக் கொலைகாரி, பைத்தியக்காரி என்று அடுத்த வீட்டுக்காரருக்கு எழுத உனக்குக் கை வந்தது. “நான்தான்” என்று எனக்கு எழுத வரவில்லை. இந்த மூன்று மாதமும் காலையும் மாலையும் தன் மாட்டுப் பாலில் ஒரு செம்பு கொண்டுவந்து கன்றுக்குப் புகட்டியவர் அவர். தட்டை வெட்டிப் போட்டவரும் அவர்தான். இருபத்தைந்தாம் தேதியோடு வருவதை நிறுத்திவிட்டார். நான் சொன்ன எதையும் நம்பவில்லை. கடிதமெல்லாம் வெறும் கதை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

நான் வைத்த வெடி என் வாசலிலேயே வெடித்தது. திரியைக் கொளுத்தியது நீ. சந்தோஷமா?

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

நான்தான், அக்கா.

அரளிப்பால் பட்டு மணிக்கட்டு அரித்தது. அதனால் கிளைகளை உள்ளே வைத்து, சுற்றிலும் காய்ந்த தட்டையை வைத்துக் கட்டினேன். கயிறு தீர்ந்துவிட்டது. குப்பைக் குழிக் கட்டுக்கு இரண்டு சுற்று வேண்டும், நாடா ஒரு சுற்றுக்குத்தான் வந்தது. இன்னொரு சுற்றுக்கு உள்ளே போய்க் கயிறு எடுத்து வரலாம் என்று எழுந்தேன். தூறல் போட்டது. நனையக் கூடாது என்று கட்டை மிஷின் பக்கத்தில் கூரைக்கு அடியில் இழுத்துப் போட்டேன். நீ சாப்பிடக் கூப்பிட்டாய். மறந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உன் முதல் கடிதத்துக்கே சொல்லியிருப்பேன். முடியவில்லை. காலை பஸ்ஸில் மூன்றாவது ஊர் தாண்டும்போது ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சுற்று! அங்கேயே இறங்கித் தந்தி அடித்திருக்கலாம். தபால் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. அக்காவுக்கு அரளி இலை தெரியாதா, பார்த்ததும் தூக்கி எறிவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார இடம் கிடைத்திருந்தது. இறங்கினால் இடம் போய்விடும். அதுதான் அக்கா காரணம். ஒரு ஜன்னலோர இடம்.

அடுத்தவருக்கு உன்னைக் காட்டிக்கொடுத்து எழுதியது கேவலம்தான். காளையைக் காப்பாற்ற வேண்டும், என்னையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே தபாலில் முடிக்கப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ தெரிந்தும் மூன்று மாதம் என்னை வறுத்தெடுத்தாயே! தினமும் காளையின் முகம் கனவில் வரும். மருந்துப் பெட்டிகளைத் தொடவே பயந்தேன், இப்போது என்னை அட்டை மடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மறைத்த பாவி நான்தான். நீ என்னை வேறு எப்படியாவது அடித்திருக்கலாம்.

காளைக்காரருக்கும் இன்றே தனியாக எழுதி அனுப்புகிறேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், பஸ் உட்பட.

தங்கை


ஜூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அவருக்கு எழுதியதும் அவருக்குக் கிடைத்தது. வேலி இருந்த இடத்தில் நின்று அதைப் படித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல” என்றார். அவ்வளவுதான். பால் செம்பை எல்லைக் கல் மேல் வைத்துவிட்டுப் போகிறார். என் வாசலுக்கு மட்டும் வருவதில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வேறு எப்படியாவது அடித்திருக்கலாம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து இரண்டு நாள் பதில் எழுதவில்லை. நீ பஸ்ஸை எழுதிவிட்டாய். இனி நான் எழுதாமல் இருந்தால் நான் உனக்கு அக்கா இல்லை.

அன்று சாயங்காலம் சுட்டி தின்னவில்லை.

தொட்டியில் கொட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்தைப் பிடித்துத் திருப்பினேன், மறுபடியும் திருப்பிக்கொண்டாள். பசியோடு தொட்டியைப் பார்த்துக் கத்தினாளே தவிர வாய் வைக்கவில்லை. நீ போன எரிச்சலில் இருந்தேன். பத்து நாள் வீடு நிறைய ஆள் இருந்துவிட்டு, திடீரென்று என் குரல் மட்டும். “உனக்கும் கொழுப்பா? அவ கட்டி வெச்சதுன்னா இனிக்காதா?” என்று அவளைத் திட்டினேன். உப்புப் போட்ட தவிட்டுத் தண்ணீரை அதன் மேல் தெளித்துப் பிசைந்தேன். பிசையும்போது கையில் இலை தட்டுப்பட்டது. தட்டையில் இவ்வளவு இலை ஏது என்று ஒரு நொடி தோன்றியது. விளக்கை எடுத்து வந்து பார்க்கச் சோம்பல். தொண்டையைத் தடவிக்கொடுத்து, என் கையாலேயே ஊட்டிவிட்டேன். என்மேல் இருந்த நம்பிக்கையில் தின்றாள்.

இதைக் காளைக்காரரிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. அன்று முதல் என்னால் தொட்டியில் ஒரு பிடி தீவனம் போட முடியவில்லை. கை தொட்டிக்கு மேலே போனதும் நின்றுவிடுகிறது. அதனால்தான் அவர் வந்து போட்டார். உனக்குத் தண்டனை கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தத் தொழுவத்தில் தனியாக நிற்க எனக்குப் பயம். நீயும் வந்து பக்கத்தில் நில் என்று மூன்று மாதம் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது, நெஞ்சில் கை வைத்தால் சுடுகிறது. உனக்கும் என்மேல் இருக்கும். இருக்கட்டும்.

கன்றை இதுவரை வாய்க்கால் கரையில் கட்டி மேய்த்தேன். நேற்று மழை பிடித்துவிட்டது. இனி தொழுவத்தில்தான் நிற்க வேண்டும். விலா எலும்பு எண்ணத் தெரிகிறது. எல்லைக் கல்லில் இருக்கும் பால் அந்த வயிற்றுக்குப் போதாது. ஜூன் கடைசி வரை காத்திருக்காதே. எந்த பஸ் கிடைக்கிறதோ அதில் ஏறு. இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு வா.

நீல நாடா ஆணியிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை. நீ வந்து தட்டையைக் கட்டு, நான் பிரித்து ஒவ்வொரு தட்டையாக விளக்கில் பார்க்கிறேன். தொட்டியில் நீ போடு. கன்று முகத்தைத் திருப்பினால் இருவரும் கையை எடுத்துவிடுவோம்.

எட்டுக் குஞ்சுகளும் இறக்கை முளைத்து நலம். கன்று நலமில்லை. நான் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கவில்லை. வந்து சொல்.

உன் அக்கா